கவட்டையிலிருந்து இறங்கிய தொலைநோக்கி

பிர்ஜந்த் நகரத்தில் பல் வைத்தியர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் முப்பத்தொரு வருடமாகப் பல்செட் செய்துவருபவள் எஸ்மத். மேலே இருக்கும் வைத்தியர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, அரைத்து மெருகேற்றி மேலே அனுப்புவாள். ஊரில் வயதானவர்களில் பாதிப்பேருடைய சிரிப்பு தன் கைவேலை என்று கணவரிடம் பெருமை பேசுவாள். கடைவீதியில் ஸெரெஷ்க் பழமும் குங்குமப்பூவும் விற்கிற சஃபர் சும்மா விடமாட்டார். "மீதிப் பாதிப்பேரு சிரிக்காம இருக்கறதும் உன் கைவேலைதான்" என்பார்.

அந்தத் தொழில் அவளுக்கு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்திருந்தது. புதுப் பல்செட் போட்ட முதல் வாரத்தில் யாரும் உண்மை சொல்வதில்லை. ஈறு புண்ணாகியிருக்கும், ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "அருமையா இருக்கு கானூம், உங்க கைக்கு வலி வரக்கூடாது" என்று வாழ்த்துவார்கள். அவள் வாதாடமாட்டாள். மெல்லிய நீலத்தாள் ஒன்றைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வாள். எங்கே அழுந்துகிறதோ அங்கே நீலப்பொட்டு விழும். பொட்டு விழுந்த இடத்தை ஒரு மயிரிழை அராவிக் கொடுத்தால் மறுநாள் அதே ஆள் ஆட்டுக்கறி தின்பார்.

வானத்தின் மேல் அவளுக்கு ஆசை வந்தது, முழு சூரிய கிரகணம் இஸ்பஹான் வழியாகப் போன வருடம். ஊரிலிருந்து ஒரு பேருந்து கிளம்பியது. சஃபர் வரமாட்டேன் என்றதால் தன் தங்கையோடு ஏறிப் போனாள். பட்டப்பகலில் இருட்டி, கோழிகள் அடைந்து, இரண்டு நிமிடம் கழித்து வெளிச்சம் திரும்பியபோது பேருந்தில் ஓட்டுநர் இல்லை. தேடிப் போனார்கள். சற்றுத் தள்ளி ஒரு கோதுமை வயலின் வரப்பில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி நின்றிருந்தார். அவர்தான் யதொல்லா. மஷ்ஹது தடத்தில் பேருந்து ஓட்டியவர். ஊர் திரும்பியதும் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த வானியல் சங்கத்தில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது அவர், இரண்டாவது எஸ்மத்.

நாலைந்து வருடம் கழித்து, நகரசபை தயவில், சங்கத்துக்கு ஒரு பெரிய தொலைநோக்கி வந்தது. பதினாலு அங்குலக் கண்ணாடி, பீப்பாய் போலக் குழாய். அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஒரு கனத்த இரும்புக் கவட்டை. பாக்ரான் மலையடிவாரத்தில் தகரக்கூரையைத் தள்ளித் திறக்கும் ஒரு சின்னக் கட்டடம் கட்டி அதை நிறுத்தினார்கள். கவட்டையில் மோட்டார் இருந்தது. கையில் பிடிக்கும் பெட்டியில் நட்சத்திரத்தின் பேரை அழுத்தினால் தானே திரும்பிப் போய் நிற்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மக்கள் வருவார்கள். குடும்பம் குடும்பமாக, தேநீர்க் குடுவையும் சூரியகாந்தி விதையுமாக. யதொல்லா தொலைநோக்கி பக்கத்தில் நிற்பார். எஸ்மத் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொருவரும் குனிந்து கண்ணை வைக்கும்போது யதொல்லா சொல்லத் தொடங்குவார். சப்தரிஷியின் வாலுக்குக் கீழே ஜோடியாக இருக்கும் அந்தச் சுழல் நட்சத்திர மண்டலத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியது நீர்ச்சுழி மாதிரி கையை விரித்திருக்கிறது. சின்னது, கடைவீதியில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை மாதிரி அந்தக் கையின் நுனியைப் பிடித்திருக்கிறது. "தெரியுதா?" என்று கேட்பார். "தெரியுது, தெரியுது" என்பார்கள். "சுபானல்லா" என்பார்கள்.

எஸ்மத்தும் வரிசையின் கடைசியில் குனிந்து பார்த்துவிட்டு, தெரியுது என்றுதான் சொல்லிவந்தாள். உண்மையில் அவளுக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் கறை. கையும் இல்லை, நுனியும் இல்லை. தன் கண்ணுக்குத்தான் கோளாறு, பல் அராவி அராவித் தூசியில் கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்வாள். வீட்டுக்குப் போனதும் சஃபர் கேட்பார், என்ன பார்த்தாய் என்று. யதொல்லா சொன்னதை அப்படியே சொல்வாள்.

ஒரு வசந்தகாலத்து வியாழனில் ஒன்று நடந்தது. ஒரு பெருத்த அம்மாள் குனியும்போது பிடிமானத்துக்குக் குழாயைப் பிடித்துவிட்டார். குழாய் நழுவியது. அவருக்குப் பின்னால் நின்ற எஸ்மத், சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். வெறும் கருப்பு. கறைகூட இல்லை. சொல்லலாம் என்று நிமிர்வதற்குள் அடுத்த பெண் கண்ணை வைத்துவிட்டாள். யதொல்லாவும் அதில் ஒரு கணம் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "அதோ, சின்னது கையைப் பிடிச்சிருக்கு பாருங்க" என்று தொடங்கினார். அன்று இன்னும் பதினேழு பேர் வெறும் இருட்டைப் பார்த்து, தெரியுது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எஸ்மத் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சஃபரிடம்கூட.

இரண்டு வருடம் கழித்து, மழை இல்லாத ஒரு இலையுதிர் காலத்தில், கவட்டையின் மோட்டார்ப் பலகை புகைந்து கருகிப்போனது. ரேடியோ ரிப்பேர்காரர் இரண்டு முறை பற்றவைத்துப் பார்த்துக் கைவிட்டார். அந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வழியில்லை. தொலைநோக்கி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு குளிர்காலம் முழுக்கக் கிடந்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எஸ்மத் ஒரு யோசனை சொன்னாள். மஷ்ஹதில் ஒரு பொறியாளர் நாட்டை விட்டுப் போகும்போது சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன தாங்கி ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் வகை. கவட்டையிலிருந்து குழாயைக் கழற்றி அதில் ஏற்றிவிடலாம், கேமரா மாட்டலாம் என்றாள். கவட்டை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நட்சத்திரத்தைத் துரத்தும். கண்ணுக்கு அது போதும். கேமரா நெடுநேரம் விழித்திருக்க வேண்டும். அதற்குள் வானம் சாய்ந்து திரும்பிவிடும், ஓரத்து நட்சத்திரங்கள் வில்லாக வளைந்துவிடும். வானம் எந்த அச்சில் சுற்றுகிறதோ அதே அச்சில் குழாயும் சுற்றினால்தான் படம் நிற்கும். இதையெல்லாம் அவள் படித்து வைத்திருந்தாள்.

யதொல்லாவுக்குப் பிடிக்கவில்லை.

"படம் வேணும்னா போன்ல ஆயிரம் கெடக்கு, எஸ்மத் கானூம். இது பாக்கறதுக்கு வந்தது. அந்தத் தாங்கியில ஏத்தினா கண்ணு வைக்கற இடம் ஒரு நேரம் தலைக்கு மேல போகும், ஒரு நேரம் முட்டிக்குக் கீழ வரும். கிழவிங்க என்ன செய்வாங்க, படுத்துக்கிட்டா பாப்பாங்க?"

"போன்ல இருக்கறது யாரோ எடுத்தது, யதொல்லா ஐயா. நம்ம கண்ணாடி என்ன பாக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"பத்தொம்பது வருஷமா நீங்க பாக்கலியா?"

அவளுக்கு அந்தப் பதினேழு பேர் நினைவுக்கு வந்தார்கள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, கண் வேறு, கேமரா வேறு என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் அவள் பக்கம் சாய்ந்தார்கள். செத்த மோட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யதொல்லா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வேலையில் முதல் சிக்கல் பிடிமானம். குழாயைக் கவட்டை இரண்டு தோளில் பிடித்திருந்தது. புதுத் தாங்கிக்கோ குழாயின் நீளத்துக்கு ஒரு தட்டு வேண்டும். தட்டு தட்டை, குழாய் வளைவு. நடுவில் வைக்கும் கட்டைகள் அந்த வளைவுக்கு அப்படியே பொருந்த வேண்டும். லேத் பட்டறை வைத்திருந்த உஸ்தா கியாஸ் அளவுகோலோடு வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பின்பக்க வார்ப்பு ஒரு வளைவு, முன்பக்க வளையம் இன்னொரு வளைவு. அளவெடுக்கிற மாதிரி இல்லை என்றார்.

"அளவு வேணாம் உஸ்தா. நான் அச்சு எடுத்துத் தரேன்" என்றாள் எஸ்மத்.

மறுநாள் பட்டறையிலிருந்து பிளாஸ்டர் மூட்டையோடு வந்தாள். குழாயில் எண்ணெய் தடவி, மெழுகுத் தகட்டால் வரப்பு கட்டி, வாயில் அச்செடுப்பது போலவே நான்கு இடத்தில் அச்செடுத்தாள். கியாஸ் அந்த வெள்ளை வார்ப்புகளைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "இந்தத் தொலைநோக்கிக்கு எத்தனை பல்லு போச்சுக்கா?" என்று கேட்டார்.

கழற்றிய நாள் வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு. எஞ்சின் தூக்குகிற சங்கிலிக் கப்பியைக் கியாஸ் கூரை விட்டத்தில் மாட்டினார். குழாயைக் கம்பளியில் சுற்றி, பட்டை போட்டுத் தாங்கவிட்டு, கவட்டையின் தோள் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். பத்தொன்பது வருடத் தூசியில் இரண்டு இறுகிப்போயிருந்தன. எஸ்மத் மெழுகு உருக்கும் சின்ன விளக்கால் சூடு காட்டிக் கழற்றினாள். ஒரு தோளை விரித்ததும் குழாய் மெல்ல மேலே எழும்பித் தொங்கியது. முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வாசலில் யதொல்லா நின்றிருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். அந்தக் கட்டடத்தைத் தாண்டி மலைதான் இருக்கிறது, வேறு பக்கமே இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

புதுத் தாங்கி இரும்புத் தூணின் மேல், துருவம் பார்த்துச் சாய்ந்து, தயாராக இருந்தது. முதலில் எதிர்ப்பக்கத்து எடைக்கற்களை மாட்ட வேண்டும், பிறகுதான் குழாய். எஸ்மத் அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். எழுதாதது ஒன்று. பழைய லாரி ஃப்ளைவீலில் கியாஸ் கடைந்துகொண்டு வந்திருந்த எடை போதுமா என்று யாரும் பார்க்கவில்லை. குழாயை ஏற்றி, பட்டையை அவிழ்த்து, சமநிலை பார்க்கலாம் என்று கியாஸ் பூட்டைத் தளர்த்தினார். கண்ணாடி இருக்கும் பின்பக்கம்தான் கனம். குழாய் ஒரு கணம் யோசிப்பது போல நின்றுவிட்டு, பிறகு சரிந்து சுழன்று இறங்கியது.

தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்த சத்தம்தான் எஸ்மத்துக்குக் கேட்டது. யதொல்லா குழாயின் கீழே தோள் கொடுத்து நின்றிருந்தார். எழுபத்தொரு வயது. முகம் செக்கச் சிவந்திருந்தது.

"பூட்டுங்கப்பா" என்றார், மெதுவாக. "நான் பஸ்ஸத் தாங்கினவன்தான். ஆனா அப்ப வயசு வேற."

பூட்டினார்கள். குழாய்க்கு ஒரு கீறலும் இல்லை. யதொல்லாவுக்குக் காறை எலும்பில் விரிசல்.

நான்கு நாள் கழித்து மாதுளையும் ஒரு பொட்டலம் கற்கண்டும் எடுத்துக்கொண்டு அவள் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கஷ்க் என்கிற காய்ந்த தயிரைக் கரைத்துக்கொண்டுவர உள்ளே போனார். கையைத் தூளியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் யதொல்லா. முகத்தில் வெயில் விழுந்தபோது அவர் கண்மணிகள் பால் கலந்த மாதிரி இருந்ததை எஸ்மத் பார்த்தாள். கொஞ்ச நேரம் சாலைகளைப் பற்றி, காற்றைப் பற்றி, அவள் பட்டறையைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்:

"எனக்கு மூணு நாலு வருஷமா சரியாத் தெரியறதில்ல, கானூம். பொட்டிய அழுத்தினா அதுவே போய் நிக்கும். நான் ஞாபகத்துல இருந்து சொல்லிடுவேன். இப்ப நீங்க கேமரா வெச்சா எல்லாரும் நேரா பாத்துடுவாங்க. அப்பறம் நான் எதுக்கு?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

குழாய் நழுவிய அந்த வியாழனைச் சொன்னாள். பதினேழு பேரையும் சொன்னாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. கூட்டத்துல உங்கள அவ்வளவு பேசினேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? நானும்தான் பத்தொம்பது வருஷமா தெரியுது தெரியுதுன்னு சொன்னேன். ஒருநாள்கூட அந்தக் கை எனக்குத் தெரிஞ்சதில்ல. உங்களுக்குத் தெரியாம போனது நாலு வருஷம். எனக்கு முழுசும்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். காறை எலும்பு வலித்ததும் நிறுத்தினார். கஷ்க் கிண்ணத்தோடு வந்த மனைவி, என்ன சிரிப்பு என்று கேட்டார். எஸ்மத் கானூம் என் பல்லைப் பிடுங்கிவிட்டாள் என்றார் யதொல்லா.

கண் அறுவைக்கு அவர் ஒத்துக்கொண்டது அந்த வாரம். அது வேறு கதை. நல்லபடியாக நடந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இங்கே தொலைநோக்கி அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. எடை கூட்டி, குழாயைத் தட்டோடு முன்னால் தள்ளி, விரலால் தொட்டால் போதும், எங்கே விட்டாலும் நிற்கும் அளவுக்குச் சமன் செய்தாள். துருவத்தைப் பார்த்துச் சாய்வைத் திருத்த மூன்று சாயங்காலம் போனது. அப்படியும் படத்தில் நட்சத்திரங்கள் முட்டை முட்டையாக வந்தன. சங்கத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். காற்று என்றார்கள், மோட்டார் என்றார்கள். கண்ணாடியே நகர்கிறது என்றார் ஒருவர். எஸ்மத் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டறைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். குழாய் கிழக்கே சாய்ந்திருக்கும்போது முட்டை அதிகம், மேற்கே வந்தால் குறைவு. எங்கேயோ ஆடுகிறது. கொஞ்சமாக, ஈறில் ஆடும் பல்செட் மாதிரி.

மறுநாள் நீலத்தாள் கட்டோடு போனாள். தட்டைத் தளர்த்தி, கட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் தாளைச் செருகி, மறுபடி இறுக்கிக் கழற்றினாள். மூன்று கட்டைகளில் நீலம் பரவலாக ஒட்டியிருந்தது. நாலாவதில் ஒரே ஒரு பொட்டு, கோதுமை அளவுக்கு. அந்தக் கட்டை ஒற்றைப் புள்ளியில் நின்றுகொண்டிருந்தது. கியாஸுக்கு முகம் வாடிவிட்டது. தன் கடைசல் தப்பு என்றார். பிளாஸ்டர் இறுகும்போது ஒரு மயிரிழை உப்பும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்றாள் அவள். பல்லுக்கு அந்த உப்பல் தெரியாது. இவ்வளவு பெரிய அச்சில் தெரிந்துவிட்டது. அன்று பகல் முழுக்க உட்கார்ந்து அராவினாள். தாள் வைப்பாள், இறுக்குவாள், கழற்றுவாள், அராவுவாள். பதினோராவது தடவை நீலம் கட்டை முழுக்கப் படிந்தது.

நட்சத்திரங்கள் உருண்டையாயின.

அந்தச் சுழல் மண்டலத்தை அவள் ஐந்து சாயங்காலமாக எடுத்தாள். தினமும் ஒரு மணி நேரம்போல. பத்து மணிக்குச் சஃபர் வந்து வண்டி ஹாரனை அடித்துவிடுவார். எல்லாவற்றையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கடைவீதியில் அச்செடுத்து, பட்டறை மேசைமேல் விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைகள் இருந்தன. நன்றாகவே இருந்தன, இளஞ்சிவப்புப் பொட்டுகளோடு. ஆனால் சின்னது பெரியதன் கையைப் பிடித்திருக்கவில்லை. கை அதற்கு முன்னால் கடந்துபோயிருந்தது. சின்னது அதற்குப் பின்னால், தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே, இத்தனை வருடம் சஃபருக்குச் சொல்லிவந்த பிள்ளை கைவிட்டுப் போனது போல ஒரு சின்ன வெறுமையும் இருந்தது. இரண்டையும் தள்ளாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேல்மாடியிலிருந்து ஒரு கீழ்வாய் அச்சு வந்துவிட்டது.

புது ஏற்பாட்டின் முதல் வியாழன், மக்கள் கணினித் திரையைச் சுற்றி நின்றார்கள். வரிசையே இல்லை. எல்லாரும் பார்த்தார்கள், அழகு என்றார்கள், கால் மணி நேரத்தில் கலைந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும், கண் வைக்கிற ஓட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் யதொல்லா வந்தார், கண் அறுவை முடிந்து, கருப்புக் கண்ணாடியோடு. கேமராவைக் கழற்றிக் கண்வில்லையைப் போடச் சொன்னார். போட்டாள். கண் வைக்கும் இடம், அவர் சொன்னது போலவே, முட்டிக்குக் கீழே போயிருந்தது. எழுபத்தொரு வயதில் தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். நிதானமாக, மூச்சை அடக்கி, வெகுநேரம்.

"சாம்பல் கறை" என்றார். "அவ்வளவுதான், கானூம். இப்ப நெனச்சுப் பாக்கறேன். அப்பவும் அவ்வளவுதான் தெரிஞ்சது, கண்ணு நல்லா இருந்தப்பவும். மீதிய நான் எங்கயோ படத்துல பாத்து ஒட்டிக்கிட்டேன்."

எழுந்திருக்க அவள் கை கொடுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. "இருங்க, இன்னொரு தடவ" என்று மறுபடி குனிந்தார். கறை ஓரத்தில் இன்னொரு சின்னக் கறை இருக்கிறது, அது இதுவரைக்கும் நிஜமாகவே தெரிந்ததில்லை என்றார்.

அதிலிருந்து வியாழக்கிழமைகளில் கேமரா கழன்றுவிடும். மற்ற நாட்களில் மாட்டப்படும். ஒவ்வொரு தடவையும் சமநிலை மாறும்; எடைகளை நகர்த்தி, குழாயைத் தள்ளி, அரை மணி நேர வேலை. முணுமுணுத்துக்கொண்டே எஸ்மத் அதைச் செய்கிறாள். சஃபர் இப்போது ஹாரன் அடிப்பதில்லை. சலித்துப்போய் ஒருநாள் இறங்கி வந்து பார்த்தவர், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உரக்கச் சொன்னார். மனைவிக்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். யதொல்லா அவர் தோளைத் தட்டி, ஒரு கண்ணை மூடு, நேராகப் பார்க்காதே, ஓரத்தால் பார் என்று சொல்லிக்கொடுத்தார்.

இப்போது அவர் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறார். இது ஒரு சாம்பல் கறை, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறார். அதனால் வரிசை நகர்வதே இல்லை. போன வியாழன் ஒரு பெண் பத்து நிமிடம் குனிந்தபடியே நின்றாள். பின்னால் நின்றவர்கள் விதை கொறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னும் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். தெரியுதா என்று எஸ்மத் அவளைக் கேட்கவில்லை.